கையைப் பின்னால் கட்டும் பாடம்

தம்பி, பஸ் எடுக்க நேரமாகும் போலிருக்கிறது. கண்டக்டர் இப்போதுதான் டீ வாங்கியிருக்கிறார், ஊதி ஊதிக் குடிப்பவர் வேறு. அதுவரைக்கும் ஒரு விடுகதை போடட்டுமா? கேளுங்கள்.

வாத்தியார்களுக்கே வாத்தியார். ஆனால் தன்னிடம் படிப்பவர்களில் ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. பாடம் நடத்தும்போது எதிரே சுவர்தான் இருக்கும். சுவர் சிரிக்காது, கொட்டாவி விடாது, சந்தேகமும் கேட்காது. யார் அது?

புத்தகமா? இல்லை. ரேடியோவா? நல்ல யோசனைதான், ஆனால் அதுவும் இல்லை. விடை இதோ உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. நான்தான். பெயர் மாசிலாமணி.

புதுக்கோட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் அடிப்படை மின் பொறியியல் நடத்திக்கொண்டிருந்தேன். பிளஸ் ஒன்னில் தொழிற்கல்விப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது அல்லவா? வயரிங், மோட்டார் சுற்றுவது, விவசாயம், நர்சிங், தையல், வண்டி மெக்கானிக். வொகேஷனல் குரூப் என்றால் உங்களுக்குப் புரியும். மார்க் இல்லாதவன் போகிற இடம் என்று நினைக்கிறீர்கள். இல்லை என்று தலையாட்டாதீர்கள், முகத்தில் தெரிகிறது. எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நான் யாரையும் கோபித்துக்கொள்வதில்லை. பொறுமையாக விளக்கிச் சொல்வேன். என் மனைவி கோமளா அதைத்தான் தாங்க முடியவில்லை என்கிறாள்.

தொழிற்கல்வி வாத்தியாருக்கு இருக்கிற பெரிய தொல்லை என்ன தெரியுமா? தனிமை. ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார் நாலைந்து பேர் இருப்பார்கள். ஒருவருக்குத் தெரியாததை இன்னொருவரிடம் கேட்டுக்கொள்ளலாம். விவசாய டீச்சர் ஒருவர்தான். மெக்கானிக் வாத்தியார் ஒருவர்தான். அவர் பயிற்சிக்கென்று வெளியூர் போய்விட்டால் பட்டறை பூட்டிக் கிடக்கும். அதனால் அவர் எங்கேயும் போவதில்லை, புதிதாக எதையும் கேட்பதும் இல்லை. இப்போது வருகிற வண்டியெல்லாம் பேட்டரியில் ஓடுகிறது, இவர் இன்னும் கார்புரேட்டரைக் கழற்றிக் காட்டிக்கொண்டிருப்பார்.

இதற்காகத் தஞ்சாவூரில் இருக்கிற ஒரு பயிற்சி மையம் ஒரு ஏற்பாடு செய்தது. பயிற்சிக்கு ஆசிரியர் வரவேண்டாம், பயிற்சி அவர் போனுக்குப் போகட்டும். பாடங்களை வீடியோவாகத் தயாரிக்க வேண்டும், வாரக் கடைசியில் எல்லோரையும் ஆன்லைன் மீட்டிங்கில் கூட்டிப் பேச வேண்டும். இதைச் செய்ய ஒருவர் தேவை என்று என்னைக் கேட்டார்கள். பாருங்கள், தமிழ்நாட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள், என்னைக் கேட்டார்கள். இரண்டு பேர் முடியாது என்று சொன்ன பிறகு என்னைக் கேட்டார்கள் என்பாள் கோமளா. அது வேறு விஷயம்.

எங்கள் படுக்கையறைதான் ஸ்டூடியோ. பீரோவின் மேல் கோமளாவின் நீலப் புடவையைத் தொங்கவிட்டேன். அது பின்னணி. என் மகள் நிறைமதி பத்தாவது எழுதிவிட்டு விடுமுறையில் இருந்தாள். போனைப் பிடிப்பது, வெட்டி ஒட்டுவது, எழுத்து போடுவது எல்லாம் அவள். அப்படித்தான் நான் சொல்லவேண்டும். உண்மையில் பாதி வேலையை நான்தான் செய்தேன். அவள் கம்ப்யூட்டரில் ஒன்றைத் தொடுவாள், மெதுவாகச் செய்வாள். எனக்குப் பொறுக்காது. கொடு, நான் பண்றேன் என்று மவுஸை வாங்கிக்கொள்வேன். அது கெட்டுப்போகும். அவள் மறுபடி முதலிலிருந்து செய்வாள். இப்படி இரண்டு பேரும் சேர்ந்து உழைத்தோம்.

மூன்றாவது பாடத்தில் ஒரு சின்னப் பிசகு. நான் முக்கியமான இடத்தில் இருக்கும்போது அடுக்களையில் குக்கர் விசில் அடித்துவிட்டது. எடுத்துவிடலாம் என்றாள் நிறைமதி. வேண்டாம், யாரும் கவனிக்கமாட்டார்கள் என்றேன். வாரக் கடைசி மீட்டிங்கில் முதல் சந்தேகமே அதுதான். மணப்பாறைப் பக்கம் சூசைராஜ் என்று ஒரு மெக்கானிக் வாத்தியார். சார், மூணாவது பாடத்துல வெந்தது பருப்பா, கறியா என்று கேட்டார். அத்தனை பேரும் சிரிக்கிறார்கள். யார் முகமும் தெரியவில்லை. எல்லோரும் கேமராவை அணைத்து வைத்திருக்கிறார்கள். கறுப்புக் கட்டங்கள் சிரிப்பதை நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்திருக்கிறேன். பருப்பு என்று பதில் சொன்னேன். கேள்வி எதுவானாலும் பதில் சொல்லவேண்டும், அது என் கொள்கை.

இனிமேல்தான் கதை. பாடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. அதற்குத் தலைப்பு, கை வைக்காதீர்கள். பட்டறை வாத்தியார்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு தம்பி. பையன் ஸ்பேனரைத் தப்பாகப் பிடித்துவிட்டால் போதும், தள்ளுடா என்று சொல்லிக் கையிலிருந்து பிடுங்கித் தானே முடுக்கிவிடுவார்கள். வேலை முடிந்துவிடும். பையன் ஒன்றும் கற்றுக்கொள்ள மாட்டான். கை வேலைக்காரனுக்குக் கை சும்மா இருக்காது, அதுதான் காரணம். அதனால் நான் என்ன சொன்னேன் என்றால், மாணவர் கையில் வேலை இருக்கும்போது ஆசிரியர் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளவேண்டும். ஆபத்து வந்தால் மட்டும் கை முன்னால் வரலாம். தப்பு வந்தால் வரக்கூடாது. தப்பு அவனுடையது. அதை அவன்தான்...

அந்தத் தண்ணீர் பாட்டில் திறக்க வரவில்லையா? இப்படிக் கொடுங்கள். பாட்டிலை அமுக்கினால் மூடி திரும்பாது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு, இப்படி ஒரு வெட்டு. ஆயிற்று. கொஞ்சம் உங்கள் பேண்ட்டில் சிந்திவிட்டது, வெயிலுக்குக் காய்ந்துவிடும். எங்கே விட்டேன்? கை வைக்காதீர்கள்.

பாடம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆசிரியர்கள் பார்க்கவில்லை. போட்டுவிட்டு வேறு வேலை பார்த்தார்கள். அதைத் தடுக்க நடுநடுவே கேள்வி வைத்தேன். கேள்விக்குப் பதில் சொன்னால்தான் வீடியோ மேலே ஓடும். ஓட்டித் தள்ளவும் முடியாது. நல்ல ஏற்பாடு என்று நினைத்தேன். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? போனை எடுத்துப் பட்டறை மேசையின்மேல் வைத்துவிட்டார்கள். கோடையில் செய்முறைப் பயிற்சிக்கென்று பிளஸ் டூ போகிற பிள்ளைகள் வருவார்கள் அல்லவா? கேள்வி வந்தால் பதில் சொல்லுடா என்று அவர்களிடம் விட்டுவிட்டார்கள். இது தொழிற்கல்வி வாத்தியாரால் மட்டும்தான் முடியும். அவருக்குப் பட்டறைக்குள் வருகிற எதுவும் பிள்ளைகள் கையால் ஓடவேண்டிய சாமான்தான். போனும் சாமான்தான். நானும் சாமான்தான்.

எனக்கு இது எப்படித் தெரிந்தது? சூசைராஜ் ஒரு நாள் மதியம் கூப்பிட்டார். குரலே சரியில்லை. என்ன சார் என்றேன். பிள்ளைகள் தன்னைத் திருத்துகிறார்கள் என்றார். ஒரு பெண் பிரேக் கேபிளை மாட்டிக்கொண்டிருந்திருக்கிறாள், தப்பாக. இவர் வழக்கம்போல் கையை நீட்டியிருக்கிறார். அவள் கேபிளை விடாமல் நிமிர்ந்து பார்த்து, சார், கை பின்னால போகட்டும், உங்க பாடத்துல இருக்கு என்றிருக்கிறாள். மற்ற பிள்ளைகளும் ஆமாம் சார் என்றிருக்கிறார்கள். வாத்தியாருக்கான ரகசியத்தையெல்லாம் பிள்ளைகளுக்கு யார் சொல்லச் சொன்னது என்று என்னைத் திட்டினார். நான் எங்கே சொன்னேன்? நீங்கள்தானே போனைக் கொடுத்தீர்கள் என்றேன். பிறகு, ஆனா ஒண்ணு சார், அந்தப் பொண்ணு கேபிளைத் தானே சரியா மாட்டிடுச்சு என்றார். சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இந்த இடத்தில் பயிற்சி மையத்திலிருந்து எனக்கு ஒரு போன். மையத்தின் பொறுப்பாளர் தன்மையான மனிதர், ஆனால் கணக்கில் கெட்டி. கேள்விகளுக்குப் பதில் வருகிறது, ஆனால் அடுத்தடுத்த பாடத்தை ஆசிரியர்கள் திறப்பதே இல்லை, பள்ளி திறப்பதற்குள் பெரும்பாலானவர்கள் முடிக்காவிட்டால் இந்தத் திட்டத்தை நிறுத்திவிடவேண்டியதுதான் என்றார். நிறுத்தினால் நான் பழையபடி என் வகுப்புக்குப் போவேன், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த ஒற்றை ஆட்கள் எல்லோரும் பழையபடி ஒற்றை ஆட்களாகவே போய்விடுவார்கள். கறுப்புக் கட்டம்தான் என்றாலும் ஒருவர் சிரிப்பதை இன்னொருவர் கேட்டார்கள் அல்லவா? அது போய்விடும். இதை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கோமளா நம்பமாட்டாள், இரண்டாவது முறை ரசம் வாங்கினீர்களே என்பாள்.

அந்த வாரம் மீட்டிங்கில் நான் நேரடியாகவே பேசினேன். ஏன் பார்க்கமாட்டேன் என்கிறீர்கள், சொல்லுங்கள் என்றேன். ஒரு கட்டம் வெளிச்சமானது. முதல் முறையாக ஒரு முகம். தலையில் துண்டு கட்டியிருக்கிறார், பின்னால் கத்தரிக்காய்ச் செடி. பேராவூரணிப் பக்கத்து வேளாண் அறிவியல் டீச்சர், பெயர் சிவக்கொழுந்து. பள்ளித் தோட்டத்தில் நின்றுகொண்டே மீட்டிங்குக்கு வந்திருக்கிறார். நான் குறுக்கே பேசவில்லை. பேச முடியாது, கேள்வி கேட்டதும் என் மைக் எப்படியோ அணைந்துவிட்டது, அது எனக்கு முதலில் தெரியவில்லை.

அவர் சொன்னது இதுதான். எங்க குரூப்புக்கு வர்ற பிள்ளைங்க விரும்பி வர்றதில்ல, தள்ளிவிட்டு வருதுங்க. தள்ளிவிடறது யாருன்னு பார்த்தா இந்த மாதிரிப் பேசறவங்கதான். மேடையில தொழிற்கல்வி உசத்தின்னு பேசுவாங்க, வீட்டுப் பிள்ளையைப் பர்ஸ்ட் குரூப்ல சேர்ப்பாங்க, அவங்க பாடத்தை நாங்க ஏன் பார்க்கணும்? அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். அதை அவர் வாயாலேயே சொல்கிறேன்.

"சார், உங்களுக்குப் பிள்ளை இருக்குல்ல? அது எந்த குரூப்புல சேரப்போகுது?"

நீங்களே சொல்லுங்கள் தம்பி, அந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன சொல்வான்? மைக்கைப் போட்டேன். என் மகள் நிறைமதி இந்த வருஷம் பிளஸ் ஒன், தொழிற்கல்வியில் மின் பொறியியல் படிக்கப்போகிறாள் என்றேன். கணீரென்று சொன்னேன். சொன்னவுடன் ஒவ்வொரு கட்டமாக வெளிச்சம் வந்தது. எல்லோருக்கும் முகம் இருந்தது. சூசைராஜுக்கு நான் நினைத்ததைவிட மீசை பெரியது. அவர்தான் சொன்னார், அந்தப் பிள்ளை சேரட்டும் சார், சேர்ந்த அன்னிக்கே நாங்க உட்கார்ந்து எல்லாப் பாடத்தையும் எங்க கையால முடிக்கிறோம் என்று. எல்லோரும் தலையாட்டினார்கள். ஒப்பந்தம் ஆகிவிட்டது. நான் புடவைக்கு முன்னால் நின்று கும்பிட்டேன்.

போனைப் பிடித்துக்கொண்டிருந்தது யார்? நிறைமதிதான். போனை ஸ்டாண்டில் மாட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். மகிழ்ச்சியில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கோமளா அடுக்களையிலிருந்து வந்தாள். ஊருக்கெல்லாம் சொல்லிட்டீங்க, உள்ள இருக்கறவகிட்டக் கேட்டீங்களா என்றாள். கேட்பதற்கு என்ன இருக்கிறது? இந்த விடுமுறை முழுக்க என் பாடங்களையெல்லாம் பார்த்தவள் அவள். ஒரு தடவை இல்லை, வெட்டி ஒட்டுவதற்காகத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறாள். அதைவிட விருப்பத்துக்கு வேறு அடையாளம் வேண்டுமா?

இருந்தாலும் அவளைத் தயார் செய்தேன். என் பள்ளிப் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். புதிதாக ஒரு டெஸ்டர் வாங்கிக்கொடுத்தேன். சால்டரிங் காட்டினேன். அவளிடம் ஒரு குறை உண்டு, வேலையில் கவனம் நிற்காது. ஈயம் உருகி வயரில் பிடிக்கிறது, எவ்வளவு அழகாக இருக்கும், அதைப் பார்க்காமல் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பாள். இதே சூட்டுல ஈயம் உருகுது, செம்பு ஏன்பா உருகல என்பாள். உருகக் கூடாதுன்னுதான் செம்பு போடறோம் என்பேன். மோட்டாரைச் சுழலவிட்டால் அதன்மேல் கை வைத்துப் பார்த்து, இந்தச் சூடு எங்கேர்ந்துப்பா வந்துச்சு என்பாள். லோடு அதிகம், கையை எடு என்பேன். ஒரு நாள் பழைய பேட்டரி ஒன்றின் முனையில் பச்சையாகப் பூத்திருந்ததைச் சுரண்டித் தாளில் மடித்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். எதற்கு என்றால் பார்க்கலாம் என்றுதான் என்கிறாள். நான் வாங்கிக் குப்பையில் போட்டுக் கையைக் கழுவச் சொன்னேன். போகப் போகத் தேறிவிடுவாள் என்று இருந்தேன்.

வாங்கிக்கொடுத்த டெஸ்டர் பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்கவில்லை. பத்திரமாக வைத்திருக்கிறாள் என்று எனக்குப் பெருமை.

இதோ, பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னல் கண்ணாடி இறுகிக்கொண்டதா? விடுங்கள், நான் தள்ளுகிறேன். இதற்கு ஒரு பக்கமாகத் தூக்கவேண்டும். இல்லை, இது போகாது. பரவாயில்லை, கொஞ்சம் காற்று வருகிறது.

சேர்க்கை நாள் வந்தது. அதற்கு முன் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே வாழ்த்து. சிவக்கொழுந்து டீச்சர் ஒரு பூசணிப்பூவின் படம் அனுப்பியிருந்தார். சூசைராஜ், அட்மிஷன் முடிஞ்சதும் சொல்லுங்க சார், போனைச் சார்ஜ் போட்டு வெச்சிருக்கோம் என்று குரல் அனுப்பினார். அதை நிறைமதிக்குப் போட்டுக் காட்டினேன். சிரித்தாள். அவளுக்கு அவர்கள் எல்லோரையும் பிடிக்கும். என்னைவிட அவளுக்குத்தான் அவர்கள் குரல் ஒவ்வொன்றும் தெரியும், ஒலியைச் சரிசெய்ய அத்தனை தடவை கேட்டிருக்கிறாள்.

எங்கள் பள்ளி சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் வந்ததும் அவள் நின்றுவிட்டாள். அப்பா, நான் ஒண்ணு கேட்கவா என்றாள். கேளு என்றேன். நான் உங்க குரூப்ல சேரலைன்னா அந்த டீச்சரெல்லாம் போயிடுவாங்களா என்று கேட்டாள். போகலாம் என்றேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. மையம் திட்டத்தையே மூடிடுமா என்றாள். மூடலாம் என்றேன். கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். வெயிலாயிருக்கு, வா உள்ளே என்றேன் நான். அவ்வளவுதான் பேச்சு.

தலைமையாசிரியை என்னைப் பார்த்தவுடன் எழுந்து நின்றார், எனக்கு அங்கே மரியாதை உண்டு. உட்காரச் சொன்னார். நிறைமதியின் மார்க்கைப் பார்த்தார். நல்ல மார்க். அறிவியலில் இன்னும் நல்ல மார்க். எந்த குரூப்மா என்று கேட்டார். அவளைப் பார்த்துத்தான் கேட்டார். ஆனால் என் கை தானாக மேசைமேல் நீண்டுவிட்டது தம்பி. வாயும் திறந்துவிட்டது. எலெ என்று முதல் எழுத்து வந்தேவிட்டது.

"அப்பா," என்றாள் நிறைமதி. மெதுவாகத்தான் சொன்னாள். "கை."

நான் சொல்லிக்கொடுத்த பாடம். எத்தனை வாத்தியார்களுக்கு அதை ஓதியிருக்கிறேன். அந்தக் கையைத் திரும்ப எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மோட்டாரைத் தூக்கியிருக்கிறேன், இவ்வளவு கனம் இருந்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி பின்னால் கட்ட முடியவில்லை. எழுந்து நின்றேன். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். தலைமையாசிரியை எனக்கு ஏதோ இடுப்பு வலி என்று நினைத்துக்கொண்டு மின்விசிறியைக் கூட்டினார்.

வாயைப் பற்றி நான் பாடத்தில் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அது பாடத்தில் இருந்த ஓட்டை. அதையும் மூடிக்கொண்டேன்.

நிறைமதி உடனே சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள். என் முகத்தில் எதையோ தேடினாள். நான் சுவரைப் பார்த்தேன், எனக்குத்தான் சுவரைப் பார்த்துப் பழக்கமாயிற்றே. ஒரு பக்கம் கத்தரிக்காய்ச் செடி, மீசை, அத்தனை முகங்கள். இன்னொரு பக்கம் இவள். இவள் கையில் வேலை இருக்கிறது. தப்பாகவே பிடித்தாலும் அது இவளுடையது. அப்படித்தானே நான் எழுதியிருந்தேன்? எழுதும்போது ஸ்பேனரை நினைத்துத்தான் எழுதினேன், அது உண்மை.

அப்புறம் அவள் சொன்னாள். தலைமையாசிரியை எழுதிக்கொண்டார். வெளியே வந்தோம். கரும்புச் சாறு வாங்கிக்கொடுத்தேன். இருவரும் குடித்தோம். நன்றாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் மீட்டிங். நெட் இல்லை என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். யோசித்தேன், அவ்வளவுதான். நிறைமதி போனை மாட்டினாள், நீலப் புடவையை இழுத்துவிட்டாள். அத்தனை கட்டங்களிலும் முகம். சூசைராஜின் பின்னால் அவருடைய பட்டறைப் பிள்ளைகள்கூட எட்டிப் பார்க்கிறார்கள். என்ன குரூப் என்று கேட்டார்கள். நான் சொன்னேன். நடந்தது எதையும் மறைக்கவில்லை. நான் முன்னால் சொன்னது என் மகளைக் கேட்காமல் சொன்னது என்றும் சொன்னேன். அது எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது போலிருக்கிறது, யாரும் ஆச்சரியப்படவில்லை.

ஒரு முகம் அணைந்தது. இன்னொன்று அணைந்தது. சரி, போயிற்று என்று நினைத்தேன். அப்போது சிவக்கொழுந்து டீச்சர் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்.

"சார், அது சொல்றப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"கை?"

"பின்னாலதான்."

"வாய்?"

"அதையும் மூடிட்டேன் டீச்சர்."

அவர் செடியிலிருந்து ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டார். "நானா இருந்தா பேசியிருப்பேன்," என்றார். "என் மூத்தவன் குரூப் எடுக்கறப்ப நான்தான் பேசினேன். அந்தப் பாடத்தை இன்னிக்கு நானே உட்கார்ந்து பார்க்கறேன். பசங்ககிட்டக் கொடுக்கல."

சூசைராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டார். தானும் பார்ப்பதாகச் சொன்னார். அவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், சார் பார்க்கறாரான்னு நாங்க பார்த்துக்கறோம் என்றது. அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். அணைந்த முகங்கள்கூட வந்துவிட்டன.

தம்பி, நம்புவீர்களோ மாட்டீர்களோ, பள்ளி திறப்பதற்குள் அநேகமாக எல்லோருமே முடித்துவிட்டார்கள். தாங்களே முடித்தார்கள். இப்போது மீட்டிங் முடிந்தாலும் போகமாட்டேன் என்கிறார்கள். விவசாய டீச்சருக்குத் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்றால் மெக்கானிக் வாத்தியார் வழி சொல்கிறார். போன வாரம் நான் இல்லாமலேயே ஒரு மீட்டிங் நடத்தியிருக்கிறார்கள். அடுத்த பாடங்களுக்குப் பேசத்தான் இப்போது மையத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். ஒப்பந்தம் தவறியும் ஏன் முடித்தார்கள் என்று பொறுப்பாளருக்கு ஒரே வியப்பு. எனக்கு வியப்பில்லை. கடைசி நேரத்தில் எல்லா வீடியோவுக்கும் தொடக்கத்தில் ஒரு வீணை இசை சேர்த்தேன். அதுதான். தரம் இருந்தால் ஆட்கள் வருவார்கள். இதைத்தான் இன்று அங்கே விளக்கமாகச் சொல்லப்போகிறேன்.

தஞ்சாவூர் வந்துவிட்டது பாருங்கள். உங்கள் பை மேலே இருக்கிறதா? இருங்கள், நான் எடுக்கிறேன். இல்லையா, நீங்களே எடுத்துக்கொள்கிறீர்களா? சரி.

என்ன கேட்டீர்கள்? நிறைமதியா? அவள் பர்ஸ்ட் குரூப் எடுத்தாள். கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல்.